லைன் போன நேரம்

மந்தைவெளியில் மழை வலுத்தால் மெல்பர்னில் இருக்கும் ரொனால்டுக்குக் கண் தெரியாது. மர்சலின் இதை இப்படித்தான் நினைத்துக்கொள்வாள். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல ஆள் இல்லை, அதனால் சிரிப்பும் இல்லை.

பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில், மாடியில் வீட்டுக்காரர் சுவாமிநாதன் இருக்க, கீழ்ப்போர்ஷனில் மர்சலினும் அவள் அப்பா பவுல்சாமியும் குடியிருந்தார்கள். தெருமுனைக் கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்துவிட்ட ஒயர் வேப்பமரத்தில் உரசி, சன்ஷேடைத் தொட்டு, ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே வரும். காற்றில் கிளை ஆடி அதை இழுத்தாலோ, ஜாயின்ட் டப்பாவில் தண்ணீர் இறங்கினாலோ போதும். நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். பீரோ மேல் இருக்கும் கேமராவில் படம் நின்றுவிடும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அடுப்படி மேடையில் கிடக்கும் போன் அடிக்கும்.

"மர்சிக்கா, லைன் போயிடுச்சா? டாடி எப்படி இருக்காரு?"

ரொனால்ட் அவளுக்கு இளையவன். மெல்பர்னில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனியின் கிடங்கில் மேனேஜர். மனைவி லிசாவோடும் மகனோடும் அங்கேயே வீடு வாங்கிவிட்டான். மர்சலின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளக் கூடாது என்று இருந்ததில்லை. வந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் நகர்ந்துபோயின, பிறகு வருவது நின்றுவிட்டது. பங்குப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் கிளார்க்காக இருந்தாள். அப்பா விழுந்த வருஷம் அதையும் விட்டாள்.

பவுல்சாமி சாந்தோம் பக்கம் ஒரு பையன்கள் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் 'அட்டென்ஷன்' என்று குரல் கொடுத்தால் கடற்கரையில் வலை உலர்த்துகிறவனும் நிமிர்ந்து நிற்பான் என்று அந்தக் காலத்துப் பையன்கள் சொல்வார்கள். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனபோது, எண்ணிக்கையை மட்டும் எப்படியோ விட்டுவிட்டுப் போயிற்று. பசித்தால், 'ஒன்... டூ...' என்பார். ஈரமானாலும் அதுதான், முதுகு எரிந்தாலும் அதுதான். எந்த 'டூ' எதற்கு என்று மர்சலினுக்குத் தெரியும்.

காலையில் பக்கெட்டில் வெந்நீர் விளாவி, டெட்டால் இரண்டு சொட்டு விட்டு, துண்டை நனைத்துப் பிழிந்து உடம்பு துடைப்பாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சிவந்திருந்தால் அன்று முழுக்க மனசு சரியாக இருக்காது. பவுடர் போட்டு, டயப்பர் மாற்றி, இடது பக்கமாக ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுப்பாள். இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவாள். விழுங்கிவிட்டார் என்று தொண்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த ஸ்பூன். பிறகு துணி, பாத்திரம், சமையல், மறுபடி அவரைத் திருப்பிப் போடுதல். மழைக்காலத்தில் உலராத விரிப்புகள் ஃபேனுக்குக் கீழே நாற்காலி நாற்காலியாக ஏறி உட்கார்ந்து வீட்டையே ஈரநாற்றமாக்கும்.

போன வருஷம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா கட்டிலிலிருந்து நழுவித் தரையில் கிடந்தார். அதற்குப் பிறகு ரொனால்ட் ஆன்லைனில் அனுப்பிவைத்ததுதான் கேமரா. அது கட்டிலைப் பார்க்கும். அடுப்படியைப் பார்க்காது, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மர்சலின் பாய் விரிக்கும் இடத்தையும் பார்க்காது. அவள் அதில் துண்டு துண்டாகத்தான் விழுவாள். ஸ்பூன் பிடித்த கை, குனிந்த முதுகு, தோளிலிருந்து சரியும் பின்னல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு அதிலிருந்து ரொனால்டின் குரல் வரும். "டாடி! ஹேப்பி சண்டே டாடி!" பவுல்சாமி ஃபேனைப் பார்ப்பார். மர்சலின் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவதற்குள் குரல் போய்விட்டிருக்கும்.

அவளாக அவனைக் கூப்பிடலாமே என்றால், கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு மத்தியானம் நெத்திலி வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தபோது அவன் ஞாபகம் வந்தது. போன் போட்டாள். கட் செய்தான். உடனே எங்கோ ஓடிவந்து மூச்சு வாங்கக் கூப்பிட்டான். டாடிக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, நெத்திலி வாங்கினேன் என்றாள். அவன் சிரித்தான். போனில் அவள் பேரைப் பார்த்தாலே தனக்கு நெஞ்சு நின்றுபோகிறது என்றும், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடும்படியும், மற்றபடி தான் பார்த்துக்கொண்டேதான் இருப்பதாகவும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஆகவே லைன் போன நேரம்தான் அவர்கள் பேசுகிற நேரம் என்று ஆகிப்போனது.

"வெச்சுடாதக்கா," என்பான். "லைன் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரு. டாடி என்ன பண்றாரு, சொல்லு."

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இடது கை போர்வை முனையைப் பிசைகிறது, இப்போது கண்ணை மூடினார், இல்லை, திறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வருவாள். படுத்திருக்கிற மனிதரைப் பற்றி எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு ஜன்னலுக்குப் போகும். வேப்பமரத்தில் ஒரு காக்கா நனைந்து உட்கார்ந்திருப்பது, மாடி வீட்டு மாமா மோட்டார் போட வந்து காற்றில் குடை திருப்பிக்கொண்டது, மீன்காரம்மா ஊரூர் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து ஆட்டோக்காரனோடு போட்ட சண்டை. ரொனால்ட் சிரிப்பான். அவன் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு வார்த்தை வரும். பள்ளிக்கூட ஆபீஸில் 'வாயில் கொழுக்கட்டை' என்று அவளுக்குப் பேர். அந்த மர்சலினா இது என்று அவளுக்கே இருக்கும். சில சமயம் கொஞ்சம் சேர்த்தும் சொல்லிவிடுவாள். அப்பா இன்று உன் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது என்று ஒருமுறை சொன்னாள். எப்படிச் சொன்னார், இன்னொரு தரம் சொல்லு என்று அவன் கேட்டான். ஏன் சொன்னோம் என்று அன்று முழுக்க நொந்துகொண்டாள்.

லைன் வந்ததும் அவனுக்கு அங்கே படம் தெரியும். "ஆ, வந்துடுச்சுக்கா," என்பான். அவ்வளவுதான்.

நவம்பரில் புயல் சின்னம் ஒன்று கடலில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. மழை விட்டு விட்டு அடித்தது. லைன் நாளுக்குப் பல தடவை போயிற்று, பிறகு போனது போனதாகவே இருந்தது. மர்சலினுக்கு அந்த நாட்கள் திருவிழா மாதிரி. ரொனால்டுக்கு அப்படி இல்லை. வேலையில் கவனம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றான். இனிமேல் இப்படி ஆகக் கூடாது, இன்னொரு கம்பெனியிலிருந்து இரண்டாவது லைன் போட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடப் போகிறேன் என்றான். அவள் சரி என்றாள். அதில் தனக்கு என்ன போகும் என்று அப்போது தோன்றவில்லை.

மழை ஓய்ந்ததும் கரீமுல்லா வந்தான். இந்தப் பக்கத்துத் தெருக்களில் நெட் லைன் எல்லாம் அவன் கையால்தான். தோளில் ஒயர் வளையம், கையில் ஏணி, காதில் எப்போதும் போன்.

"இன்னாக்கா, உங்க தம்பி பெரிய ரோதனையா கீறாரு," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். "நான் குளிக்கப் போனாக்கூட போனு. ஆஸ்திரேலியாவுல வேலையே கெடையாதா அவருக்கு?"

புது லைனுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை ஆணி அடித்து மாட்டினான். பழைய பெட்டியிலிருந்து ஒரு ஒயர், புதுப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர், இரண்டையும் கொண்டுபோய் ரொனால்ட் வாங்கி அனுப்பியிருந்த கறுப்புப் பெட்டியின் முதுகில் சொருகினான். இரண்டும் சேர்ந்தால் வேகம் இரட்டிப்பாகுமா என்று மர்சலின் கேட்டாள்.

"அதெல்லாம் ஆவாதுக்கா. ஒண்ணு போனா இன்னொண்ணு புடிச்சுக்கும், அவ்ளோதான். இப்போ எங்கள்ல மய்யத்து தூக்கிக்கினு போறப்ப தோளு மாத்திக்கினே..." என்று சாவு ஊர்வலத்தில் ஆரம்பித்தவன் கட்டிலில் படுத்திருந்த பவுல்சாமியைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்க மாதா கோயில்ல சப்பரம் தூக்குவாங்கல்ல? அதாங்க்கா. ஒருத்தன் தோளை எடுத்தா அடுத்தவன் குடுத்துருவான். மேல நிக்கிற மாதாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பவுல்சாமி, "ஒன்..." என்றார்.

"பாத்தீங்களா, தாத்தா கரெக்டா சொல்றாரு, ஒண்ணு போனா," என்று கரீமுல்லா ஒரு ஒயரைப் பிடுங்கினான்.

பீரோ மேலிருந்து ரொனால்டின் குரல் வந்தது. "சூப்பர் ப்ரோ. படம் ஒரு செகண்ட் திக்கிச்சு, அப்புறம் நிக்கவே இல்ல."

கரீமுல்லா கேமராவைப் பார்த்து சலாம் வைத்தான். மர்சலின் அவனுக்குப் போட்ட டீயோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளும் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவன் பேசும்போது மட்டும் எரிகிற கேமராவின் நீலப்பொட்டு அணைந்துவிட்டது.

அடுத்த மழை வந்தது. பழைய பெட்டியில் சிவப்பு எரிந்தது. மர்சலின் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனைப் பார்த்தாள். அடிக்கவில்லை. கழுவிய தட்டுகளை அடுக்கினாள். மறுபடி பார்த்தாள். போய்ப் பார்த்தால் புதுப் பெட்டியில் பச்சை. அது தோள் கொடுத்துவிட்டது.

அப்பாவைத் திருப்பிப் போட்டாள். வெளியே காக்கா இருந்தது, மாமா குடையோடு வந்தார், தெருவில் ஒரு டெலிவரி பையன் வழுக்கி விழுந்து பார்சலைத்தான் முதலில் தூக்கினான், பிறகுதான் முழங்காலைப் பார்த்தான். எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். பார்க்கும்போதே அவனுக்குச் சொல்லுகிற மாதிரி வார்த்தைகள் வந்து நின்றன. கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லாமல் அப்படியே நின்றன.

பிறகு கார்ப்பரேஷன்காரர்கள் மழைநீர் வடிகாலுக்காகத் தெருமுனையைத் தோண்டினார்கள். தோண்டுகிற வண்டி பின்னால் வந்து கம்பத்தில் ஒரு இடி இடித்தது. கம்பம் சாய்ந்தது. அப்போது மர்சலின் அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அது அடிக்கிற சத்தம் என்று நம்பவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ஈரக்கையோடு ஓடினாள்.

"ரெண்டும் போயிடுச்சுக்கா. எப்படி ரெண்டும் ஒண்ணா போகும்? அதுக்குத்தானே ரெண்டு போட்டேன்?"

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது. கம்பெனிதான் வேறே தவிர இரண்டு ஒயரும் அதே கம்பத்திலிருந்துதான் வந்திருந்தன. அதே வேப்பமரம், அதே சன்ஷேட், அதே ஓட்டை. அத்தனை தடவை போனில் பேசித் திட்டம் போட்ட ரொனால்டும் கேட்கவில்லை, ஏணி போட்டு ஏறின கரீமுல்லாவும் நினைக்கவில்லை. தினமும் அந்த ஜன்னலில் நிற்கிற அவளும் பார்க்கவில்லை.

சொன்னதும் ரொனால்ட் கரீமுல்லாவைத் திட்டினான். தன்னையும் திட்டிக்கொண்டான். பிறகு வழக்கம்போல, டாடி என்ன பண்றாரு என்றான். அவள் சொன்னாள். கம்பம் சாய்ந்ததைச் சொன்னாள். வண்டிக்காரன் இறங்கி வந்து கம்பத்தைப் பார்த்து, 'நீ ஏன் இங்க நிக்கிற' என்று அதையே கேட்டதைச் சொன்னாள். அது உண்மையில் நடந்ததுதான். ரொனால்ட் விழுந்து விழுந்து சிரித்தான். தெருவெல்லாம் மாமாக்கள் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது, யாரோ ஒருவர் வண்டிக்காரனுக்கே டீ வாங்கிக் கொடுத்தது, கரீமுல்லா ஏணியோடு ஓடிவந்து அறுந்த ஒயரை ஒட்டுவது என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, அதையும் சொன்னாள்.

"சாப்பிட்டியாக்கா நீ?" என்று கேட்டான்.

"இனிமேதான். கருகின பருப்புதான்."

"நான் மதியானம் ஒரு ரொட்டி. தனியா உக்காந்து," என்றான். "ஒண்ணு தெரியுமாக்கா? இங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. பையனுக்குத் தமிழே வரல. லிசா நைட் டூட்டி. வீட்ல நாங்க மூணு பேரும் ஆளுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டுத் தூங்கப் போறோம். உன்கிட்ட பேசினாத்தான் நான் வாயைத் திறக்கறேன்னே தெரியுது."

மர்சலின் அடுப்பை அணைத்தாள். இதுதான் சமயம். லைன் போகாவிட்டாலும் கூப்பிடேன்டா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காசா பணமா.

"ரொனால்ட்," என்றாள். "லைன்..."

"ஆ, வந்துடுச்சுக்கா! கரீமுல்லா பையன் வேகம்தான். டாடி தெரியறாரு. சரி, வெச்சுடறேன்."

அந்த வாரமே புது லைனைப் பின் தெருக் கம்பத்திலிருந்து எடுக்க ஏற்பாடாயிற்று. அதற்கு ஒரே வழி மாடி வீட்டு பால்கனி. மர்சலின் படியேறிப் போய்க் கேட்டபோது சுவாமிநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

"எங்காத்து பால்கனி வழியா ஒயரை இழுத்துண்டு போனா நாங்க துணி உலர்த்தறது எங்கேம்மா? ஏற்கெனவே ஒரு லைன் இருக்கோன்னோ? படுத்துண்டிருக்கற ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு?"

தம்பி பார்க்கிறதுக்கு என்றாள்.

"அது சரி. பாக்கட்டும்," என்றார். பிறகு உள்ளே பார்த்து, "கொடிக்கு மேல போனா பரவால்லையான்னு கேட்டுண்டு சொல்றேன்," என்றார். மாமி சரி என்றுவிட்டாள். கரீமுல்லா கொடிக்கு மேலே உயரத் தூக்கிக் கட்டினான். இப்போது ஒரு ஒயர் முன் தெருவிலிருந்து, ஒரு ஒயர் பின் தெருவிலிருந்து. வீட்டுக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

அதோடு சரி. முன் லைன் போகும், பின் லைன் பிடித்துக்கொள்ளும். பின் லைன் போகும், முன் லைன் தோள் கொடுக்கும். ரொனால்டுக்கு இனி இமைக்காத கண். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகள் ஒவ்வொன்றாகப் போயின. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதை அவள் போனில்தான் பார்த்தாள். கேமரா வழியாக, "டாடி, ஹேப்பி சண்டே," வந்துகொண்டுதான் இருந்தது. பேச்சு இல்லாத நாட்களில் அவள் வாயிலிருந்து வந்தது கணக்குப் பார்த்தால் கீரைக்காரியிடம் ஒரு வாக்கியம், அப்பாவிடம் 'திரும்புங்கப்பா', 'விழுங்குங்கப்பா'. சாயந்திரம் தன் குரலைக் கேட்டால் வேறு யாருடையதோ போல் கரகரத்தது.

ஒரு நாள் பெட்டி பக்கம் போனவள் முன் லைன் ஒயரைப் பிடித்து இழுத்தாள். விரலால் ப்ளக்கில் இருக்கும் ஒரு சின்ன நாக்கை அமுக்கினால் வந்துவிடுகிறது. போய்ப் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி சொருகினாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்ட மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி குத்தியது. அப்பா கட்டிலில்தானே இருக்கிறார், நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலை, தூறிக்கொண்டிருந்தது. குல்குல் பலகாரம் செய்ய மைதாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினாள். அப்பாவுக்கு ஊட்டி, வாய் துடைத்து, படுக்கவைத்தாள். அவர் தூங்கிவிட்டார். அவள் கை கழுவினாள். நேராகப் பெட்டிக்குப் போய் இரண்டு ஒயரையும் பிடுங்கினாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தயாராகக்கூட இருந்தாள். மழை தூறலாக இருக்கிறது, வடிகால் குழியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிக் கட்டின பச்சைத் துணியைக் காற்று பிய்த்துக்கொண்டு போய் மாமி கொடியில் போட்டிருக்கிறது. போன் அடிக்கவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தாள், சிக்னல் முழுசாக இருந்தது. மாடியில் குக்கர் விசில் விட்டது. மறுபடி விட்டது. அடிக்கவில்லை.

கதவைத்தான் தட்டினார்கள். கரீமுல்லா, சொட்டச் சொட்ட ரெயின்கோட்டில்.

"இன்னாக்கா, ரெண்டும் அவுட்டுன்னு எனக்கு மெசேஜு. சாரு எனக்கு வர்ற மாதிரி செட் பண்ணி வெச்சிக்கீறாரு." கோட்டைக் கழற்றி உதறினான். "ஒவ்வொரு வாட்டியும் அக்காவைத் தொந்தரவு பண்ண வேணாம், நீங்களே போய் பாத்துருங்க ப்ரோன்னாரு."

அக்காவைத் தொந்தரவு பண்ண வேணாம். மர்சலின் வழிவிட்டு நின்றாள்.

அவன் பெட்டிக்கு முன்னால் குந்தினான். இரண்டு ஒயரும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தான்.

"ஒட்டடை அடிச்சீங்களா?"

"ம்."

அவன் பெட்டியின் மேல் விரலை வைத்து எடுத்தான். விரல் நுனி முழுக்க தூசி. அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.  அப்போது அவன் போன் அடித்தது. கையில் ஒயர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.

"ப்ரோ, என்ன ப்ராப்ளம்? டாடியை ஒருதரம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன், ப்ளீஸ்." ரொனால்டின் குரல். எத்தனை நாள் கழித்து இவ்வளவு கிட்டத்தில்.

கரீமுல்லா போனை எடுத்து மர்சலின் கையில் கொடுத்தான். "அக்கா இங்கதான் கீறாங்க சார். கேட்டுக்கோங்க. எனக்கு வெளிய ஒயரைப் பாக்கணும், கொஞ்சம் டைம் ஆவும்," என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தூறலில் போய் சன்ஷேடுக்குக் கீழே நின்றுகொண்டான்.

"அக்கா? டாடி ஓகேவா?"

"தூங்கறாரு."

"லைனுக்கு என்னாச்சு?"

அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இடது கை மார்பில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி பட்டம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் வரிசையில் நின்றன. அவள் அதில் எதையும் எடுக்கவில்லை.

"நான்தான்டா கழட்டினேன்."

"துடைக்கறப்பவா? பரவால்லக்கா, அது..."

"இல்ல. நீ கூப்பிடுவேன்னு கழட்டினேன்."

அந்தப் பக்கம் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவர்கள் பேச்சு நின்றது.  கட்டாகிவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மீட்டிங்ல இருக்கேன்க்கா," என்றான் கடைசியில். "நான்... சரி, நான் அப்புறம்..."

 வைத்துவிட்டான்.

கரீமுல்லா தலையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இரண்டு ஒயரையும் சட்டைப் பொத்தான் போடுகிற நேரத்தில் சொருகினான். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. டீ வேண்டாம் என்றுவிட்டான். சாருக்கு, ப்ளக் லூஸ் என்று மெசேஜ் போட்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம், நான் சொல்லிவிட்டேன் என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வூடு மார்க்கெட்டுக்குப் பின்னாலதான்க்கா. எங்க வூட்ல வாயி மூடாது. ஒரு நாளு வாங்க, பிரியாணி துன்னுட்டு, காது வலிக்க வலிக்க கேட்டுட்டுப் போவலாம்," என்றான்.

வருகிறேன் என்றாள். அப்பாவை விட்டுவிட்டு அவளால் வர முடியாது என்பது அவனுக்கும் தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் அப்பாவுக்கு ரசம் சாதம் மசித்துக் கொடுத்தாள். விரிப்பு மாற்றினாள். போன் அடிக்கவில்லை. மெசேஜ் ஒன்று வந்தது, ரீசார்ஜ் முடியப்போகிறதாம். சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு மனசு சொன்னது. அவன் அங்கே அந்தக் கதவைச் சாத்திவிட்டு என்ன செய்திருப்பான் என்று இன்னொரு மனசு கேட்டது. அங்கே சாயந்திரம் ஆகியிருக்கும். லிசா டூட்டிக்குக் கிளம்பியிருப்பாள்.

சாயந்திரம் அடுப்படி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தாள். மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிள்ளி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அமுக்கிச் சுருட்டித் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பீரோ மேல் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்தாள்.

கேமரா திரும்பிக்கொண்டிருந்தது.

அது திரும்பும் என்பதே அவளுக்குத் தெரியாது. வந்த நாளிலிருந்து அது கட்டிலை விட்டு அசைந்ததில்லை. இப்போது மெல்ல, கண் தெரியாதவர் சுவரைத் தடவிக்கொண்டு வருவது போல, ஜன்னலைத் தாண்டியது, திருஇருதயப் படத்தைத் தாண்டியது, நாற்காலிகளில் காய்கிற விரிப்புகளைத் தாண்டி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றது.

மர்சலின் முழங்கால் வரை ஏறியிருந்த நைட்டியை இழுத்துவிட்டாள். முழங்கை வரை மாவு. நெற்றியில் விழுந்த முடியைத் தள்ளினாள், அங்கேயும் மாவு ஒட்டியது. குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. செருமல் போல ஒன்று கேட்டது. அவனா, கேமராவின் கரகரப்பா, தெரியவில்லை. அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவளும் பார்த்தாள். பிறகு வந்த வழியே, விரிப்புகளையும் படத்தையும் ஜன்னலையும் தாண்டிக் கட்டிலுக்குத் திரும்பிப் போய் நின்றது.

கொஞ்ச நேரம் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து, தாம்பாளத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பாவின் கால்மாட்டில் போர்வையை ஒதுக்கி இடம் செய்து, கேமராவுக்கு முகம் காட்டி உட்கார்ந்தாள். அவன் இன்னும் அங்கே இருக்கிறானா, அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டானா, இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரு உருண்டையை எடுத்துச் சீப்பில் வைத்தாள்.

"மாவு இன்னிக்குக் கொஞ்சம் தளர்ந்துபோச்சுடா," என்று ஆரம்பித்தாள்.